கண்ணாடித் தொட்டியும் கொழுந்துக் கூடையும்

மலையகத் தோட்டப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலா பெரும்பாலும் கொழும்பை நோக்கியே அமைகின்றது. மலையிறங்கி வரும் பிள்ளைகள் முதன்முறையாகக் கடலைக் காண்கின்றனர். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையைக் காண்கின்றனர். அதனுள் அமைந்த மீன்காட்சியகத்தின் கண்ணாடித் தொட்டிகளின் முன் வியந்து நிற்கின்றனர். மறுநாள் அவர்கள் தத்தம் லயங்களுக்கு மீளுகின்றனர். அதே வீதியில் உல்லாசப் பயணிகளை ஏற்றிய பேருந்துகளும் நுவரெலியா நோக்கி ஏறுகின்றன. அப்பேருந்துகளின் கண்ணாடியூடாகப் படம்பிடிக்கப்படுவோர், மலையிலே கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் அப்பிள்ளைகளின் தாய்மாரே. கொழும்பிலே பார்வையாளராக நின்ற பிள்ளை, சொந்தத் தோட்டத்திலே காட்சிப்பொருளின் பிள்ளையாகிவிடுகின்றது.

இவ்விரு காட்சிகளுக்கும் இடையிலுள்ள உறவு தற்செயலானதன்று. மலையகச் சுற்றுலாவின் வளர்ச்சி குறித்து இன்று பெருமிதத்தோடு பேசுவோர் இவ்வுறவை எண்ணிப்பார்க்க மறுக்கின்றனர். உயிருள்ள ஒன்றை அதன் வாழ்விலிருந்து பிரித்தெடுத்து, பார்ப்பவனின் இன்பத்திற்காக ஒரு சட்டகத்துள் நிறுத்துவதே காட்சிப்படுத்தல் என்பதன் சாரம். அச்சட்டகம் கண்ணாடியாலும் ஆகலாம், வறுமையாலும் ஆகலாம்.

பொதுமக்களுக்கான முதலாவது மீன்காட்சியகம் 1853 ஆம் ஆண்டு இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் திறக்கப்பட்டது. சென்னை மெரீனாக் கடற்கரையில் 1909 இலும், பம்பாயில் 1951 இலும் இத்தகைய நிலையங்கள் தோன்றின. காலப்போக்கில் இவை பெருவணிகமாயின. ஒக்கினாவாவில் 2002 இல் திறக்கப்பட்ட காட்சியகத்திலே 7,500 கனமீற்றர் நீர் கொண்ட ஒரே தொட்டியுள் திமிங்கிலச் சுறா சுற்றிச்சுற்றி நீந்துகின்றது. பெருங்கடலைக் கடந்து திரியும் ஓர் உயிருக்கு அத்தொட்டி எவ்வளவு பெரிதாயினும் சிறையே என்பதைப் பார்வையாளர் எண்ணுவதில்லை. எண்ணாதிருப்பதற்கே அத்தகைய ஒளியும் நீல நிறமும் அமைக்கப்படுகின்றன.

தெகிவளையின் வரலாறு இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. அம்மிருகக்காட்சிச்சாலைக்கு வித்திட்டவர் ஜேர்மனியரான ஜோன் ஹாகன்பெக் ஆவார். அவருடைய நிறுவனம் நொடிந்தபின் 1936 இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. இவர் சார்ந்த ஹம்பேர்க் ஹாகன்பெக் குடும்பம் விலங்கு வணிகத்தால் மட்டும் புகழ்பெற்றதன்று. மனிதரைக் காட்சிக்கு வைத்ததாலும் அது புகழ்பெற்றது. 1870களில் வடதுருவத்தை அண்டிய நாடுகளின் மக்களை விலங்குகளோடு நிறுத்திக் காட்டத் தொடங்கிய கார்ல் ஹாகன்பெக், 1880களில் இலங்கையரையும் யானைகளோடு சேர்த்து ஐரோப்பிய நகரங்களிலே ஊர்வலம் விட்டார். செயற்கைக் கிராமங்களில் அவர்கள் சமைத்தனர், ஆடினர், குழந்தைகளைத் தாலாட்டினர். வேலிக்கு அப்பால் ஐரோப்பியர் கட்டணம் செலுத்தி நின்று அவற்றைப் பார்த்தனர். விலங்கைக் காட்டிய கையே மனிதனையும் காட்டிற்று. இரண்டுக்கும் வேறுபாடு இருப்பதாக அக்கை கருதவில்லை.

அந்த வேலி இன்று அகன்றுவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். றம்பொடையிலிருந்து லபுக்கலை வழியே நுவரெலியாவுக்கு ஏறிச்செல்வோர் அவ்வாறு எண்ண இயலாது. தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டுதல், இலவசத் தேநீர், விற்பனைக்கூடம், வீதியோரத்திலே கூடையோடு நிற்கும் பெண்களோடு ஒரு படம் என்பதே அங்கு நிலவும் நடைமுறை. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் விடுதியாக மாறிற்று. ஹட்டன், பொகவந்தலாவைப் பகுதியில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் 2005 முதல் உயர்தர விடுதிகளாயின. இத்தகைய பங்களா ஒன்றிலே ஓர் இரவு தங்குவதற்கான கட்டணம், அதனைச் சூழ்ந்த மலையிலே கொழுந்தெடுக்கும் பெண்ணின் ஒரு மாத வேதனத்தை விஞ்சி நிற்கின்றது. பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021 இலேதான் அவளது நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டியது. அதன்பின் அது சற்று உயர்ந்துள்ளபோதும் இவ்வேறுபாடு அழியவில்லை. விதித்த நிறை எட்டாத நாளிலே அரைப்பேர் போடப்படும் என்னும் அச்சமும் அவளை விட்டு அகலவில்லை.

சில விடுதிகளில் விருந்தினருக்குச் சேலை உடுத்தி, கூடை கொடுத்து, அரைமணி நேரம் கொழுந்து பறிக்கவும் விடுகின்றனர். மழையிலும் அட்டைக்கடியிலும் தலைமுறை தலைமுறையாகச் செய்யப்பட்ட உழைப்பு ஈண்டு ஒரு வேடமாகச் சுருங்குகின்றது. விருந்தினர் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் செல்லலாம். மற்றவள் மாலை நிறுவை முடியும்வரை இறக்க முடியாது.

ஓர் உண்மை இவ்விடத்துக் கருதத்தக்கது. அமெரிக்காவின் மொண்டெரேயில் 1984 இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற மீன்காட்சியகம், முன்னர் மத்தி மீனைத் தகரத்தில் அடைத்த தொழிற்சாலை இருந்த இடத்திலேயே எழுந்தது. கடலில் மீன் அருகிற்று, தொழிற்சாலை மூடப்பட்டது, பின்னர் அவ்விடத்திலே மீன் காட்சிக்கு வந்தது. ஒரு வளம் வற்றிய பின்னர் அதன் காட்சியை விற்பது மூலதனத்தின் இயல்பு. தேயிலையின் இலாபம் குறைந்ததாகக் கம்பனிகள் முறையிடும் இக்காலத்தே தேயிலை மலையின் அழகு விற்பனைக்கு வருகின்றது. அவ்வழகின் நடுவே உழைப்பவளும் கேட்பாரின்றி விற்கப்படுகின்றாள்.

அரசின் பங்கும் இதிற் சிறிதன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. இரண்டே ஆண்டுகளின் பின், 1966 இல், உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. நாட்டை வெளியுலகிற்கு அறிமுகஞ்செய்த சுவரொட்டிகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் புன்னகைத்தவள் யார்? எவளைத் தன் பிரசை அல்லள் என அரசு விலக்கிற்றோ, அவளே. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. முகம் நாட்டுக்கு உரியதாயிற்று; முகத்திற்குரியவள் நாட்டுக்கு உரியவளாக ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இதற்கு மறுப்புரைப்போர் மூன்று நியாயங்களைக் கூறுவர். சுற்றுலாவால் வருமானம் கிடைக்கின்றது என்பது முதலாவது. வருமானம் கிடைப்பதை மறுப்பதற்கில்லை. அது யாருக்குக் கிடைக்கின்றது என்பதே வினா. விடுதிகளில் வேலை பெற்ற தோட்டத்து இளைஞர் உளர், அது வரவேற்கத்தக்கது. எனினும் எந்த மலையின் காட்சிக்காகப் பயணி பணம் செலுத்துகின்றானோ, அம்மலையைப் பேணுபவளின் சம்பளத்தில் அப்பணத்தின் பங்கு எங்கும் எழுதப்படவில்லை. அவளுக்குக் கிடைப்பது படம் எடுத்தவன் நீட்டும் சில்லறை மட்டுமே.

அப்பெண்கள் விரும்பியே நிற்கின்றனர் என்பது இரண்டாவது. குறைந்த கூலிக்கு உழைப்பவள் சில நாணயங்களுக்காகப் புன்னகைப்பதை விருப்பம் என்று பெயரிடுவது, பசித்த மீன் இரைக்காகக் கண்ணாடியருகே வருவதைப் பார்வையாளர் மீதுள்ள அன்பு என்று கொள்வதற்கு ஒப்பாகும். இழிவு நாணயம் பெறும் கையைச் சாராது. அந்நாணயத்தைத் தேவையாக்கிய ஒழுங்கையே சாரும்.

தேயிலையின் மரபை உலகம் அறிகின்றது என்பது மூன்றாவது. எந்த மரபை? கண்டிக்கருகே ஹந்தானையில் 2001 இல் திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருட்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லரின் பொருள்களும் பேணப்படுகின்றன. டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை ஒவ்வொரு வழிகாட்டியும் கூறுவார். அந்நிலத்தை வெட்டித் திருத்திய கைகளைப் பற்றி எத்தனை பேர் கூறுவர்? கம்பளைக்கு அண்மையில், பழைய பீக்கொக் தோட்டத்திலே, தொழிலாளர் வரலாற்றுக்கென 2007 இல் ஒரு சிறு காட்சியகம் அமைக்கப்பட்டது. லயன் அறையும் புழங்குபொருள்களும் அங்கு தம் கதையைத் தாமே சொல்கின்றன. உல்லாசப் பயணிகளின் பேருந்துகள் பெரும்பாலும் அவ்வழி திரும்புவதில்லை. காட்டப்படுவதற்கும் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இன்னுமொன்று உளது. மீன்காட்சியகத்தின் உரிமையாளனுக்கு ஒரு பொறுப்பேனும் உண்டு. நீரின் வெப்பமும் தூய்மையும் நாள்தோறும் அளக்கப்படும். இரை வேளைக்கு இடப்படும். தொட்டி கசிந்தால் அன்றே அடைக்கப்படும். பேர்லினில் ஒரு விடுதியின் பெருந்தொட்டி 2022 டிசெம்பரில் வெடித்து ஏறத்தாழ 1,500 மீன்கள் அழிந்தபோது உலகச் செய்தித்தாள்கள் அவற்றை எண்ணிச் சொல்லின. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பராவில், வெள்ளையர் காலத்துக் கூரையின் கீழ் வாழும் குடும்பத்திற்கு இத்தகைய பொறுப்பாளர் யார்? கூரை ஒழுகுவதையும் மண்சரிவு அபாயத்தையும் யார் நாள்தோறும் அளக்கின்றனர்? காட்சியின் இலாபத்தை ஏற்போர், காட்சிப்பொருளைப் பேணும் கடமையைக்கூட ஏற்கவில்லை. இவ்வகையிலே தொட்டியிலுள்ள மீனுக்குக் கிடைக்கும் கவனிப்பும் மலையகத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை எனின் அது மிகையன்று.

ஆயின் மீனைப்போல் பேணப்படுதல் மனிதரின் இலக்காகாது. மீன் பேசாது, மலையக மக்கள் பேசுவர். ஆகவே கோரிக்கை பராமரிப்பு அன்று, உரிமையே. சுற்றுலாவால் தோட்டம் பெறும் வருவாயில் தொழிலாளருக்கு ஒரு பங்கு சட்டத்தால் உறுதிசெய்யப்படல் வேண்டும். சம்மதமின்றி எவரையும் வேலைத்தலத்திலே படம்பிடித்தல் தடுக்கப்படல் வேண்டும். வழிகாட்டிகளாகத் தோட்டத்துப் பிள்ளைகள் பயிற்றப்படல் வேண்டும்; அவர்கள் கூறும் வரலாறு டெய்லரோடு தொடங்கி டெய்லரோடு முடியாதிருத்தல் வேண்டும். பங்களாவைப் புதுக்குவதற்கு அனுமதி கேட்கும் கம்பனி, அதே தோட்டத்தின் லயத்துக்குப் பதிலாகக் காணியும் வீடும் வழங்குவதற்கான திட்டத்தையும் உடன் சமர்ப்பித்தல் வேண்டும்.

இவை நிறைவேறிய பின்னர் பயணிகள் வரட்டும். தன் காணியிலே, தன் வீட்டு வாசலிலே நின்று வரவேற்கும் மக்களிடம் அவர்கள் விருந்தினராக வரட்டும். அதுவரை மலையகச் சுற்றுலா என்று அழைக்கப்படுவது, ஹாகன்பெக்கின் வணிகம் வேலியைக் கழற்றிவிட்டு நடத்தப்படுவதே அன்றி வேறன்று.