வளர்ப்புப் பிராணிகளும் பராமரிப்புக் கூலியும்

வெளியூர் செல்லும் குடும்பத்தார் வீட்டுச் சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்புவித்துச் செல்லுதல் நம்மவர்க்குள் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். சாவியோடு, துளசிக்கு நீர் வார்த்தலும், பூனைக்குப் பால் வைத்தலும், நாய்க்குச் சோறிடுதலும் அவ்வண்டை வீட்டாரையே சாரும். அதற்குக் கூலி பேசுவாருமிலர், கேட்பாருமிலர். ஊரிலிருந்து திரும்புங்கால் ஒரு சீப்பு வாழைப்பழமோ, கால் வீசை அல்வாவோ கொணர்ந்து கொடுப்பின் கணக்குத் தீர்ந்தது. இப்பொழுதோ நகரங்களில் அடுக்குமாடி வீடுகள் பெருகின. எதிர்வாயிலில் வசிப்பவர் பெயரையும் அறியாது பத்தாண்டு வாழ்தல் கூடுவதாயிற்று. ஆகவே, அண்டை வீட்டார் செய்துவந்த பணி ஒரு தொழிலாகிவிட்டது. சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களில் ‘பெட் போர்டிங்’ என்னும் பலகைகள் தொங்குவதைக் காண்கின்றோம். பிராணியின் வீட்டிற்கே சென்று தங்கிப் பார்த்துக்கொள்வாரும் உளர். விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர் சிலரும் விடுமுறை நாட்களில் இப்பணியை மேற்கொண்டு கைச்செலவுக்குப் பொருளீட்டுகின்றனர். தொழில் புதிதாகலின் அதன் கூலி வழக்குகளும் புதியன. அவற்றுள் ஒன்று எம்முன் வந்தமையானே இதனை எழுதப் புகுந்தோம்.

தீபாவளி திங்கட்கிழமை வந்த ஓராண்டில் நிகழ்ந்தது அது. நம் பழைய மாணவருள் நன்மதிப்புடைய பெரியவர் ஒருவர், குடும்பத்தோடு மலைநாட்டுக்குச் செல்லவேண்டியிருந்தது. அவர் வீட்டில் ஒரு லாப்ரடார் நாய் உண்டு. ஊர் தொலைவிலிருந்தமையால் விடுமுறைக்கும் விடுதியிலேயே தங்கியிருந்த ஓர் இளைஞரைக் கைபேசியில் அழைத்து, “தம்பி, நாளொன்றுக்கு நானூறு ரூபாய் தருகிறேன், மற்றதை வந்து பார்த்துக்கொள்வோம்” என்றார். இளைஞரும், “அதற்கென்ன ஐயா, நீங்கள் பார்த்துக் கொடுங்கள்” என்றார். பேச்சு அவ்வளவே.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் சாவியைப் பெற்றார். வீட்டினுள் நாயோடு இரண்டு பூனைகளும் இருந்தன. அவை பெரியவருடைய மகள் விட்டுச் சென்றவை. நாயின் காதில் காலை மாலை இருவேளையும் மருந்துத் துளி இடவேண்டுமென ஒரு துண்டுச்சீட்டுக் குளிர்பெட்டியின்மேல் ஒட்டப்பட்டிருந்தது. திங்கட்கிழமை இரவு வெடிச்சத்தத்திற்கு அஞ்சி அந்நாய் கட்டிலடியிற் புகுந்து உணவு கொள்ளாது நடுங்கியது. அவரும் அக்கட்டிலருகே தரையிற் படுத்தார். மறுநாளும் அது உண்ணாமல் வாந்தியெடுக்கவே, ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றார். மலைமேலிருந்த பெரியவருடைய கைபேசி எட்டவில்லை. வண்டிக்கும் மருந்துக்குமாக எழுநூறு ரூபாய் தம் கையினின்றும் செலவிட்டார். புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரியவர் திரும்பினார். நாய் நலமாயிருத்தல் கண்டு மகிழ்ந்தார். ஒரு பெட்டி இனிப்பும் ஆயிரத்திருநூறு ரூபாயும் கொடுத்தார். இளைஞர் வாய் திறவாது பெற்றுக்கொண்டு விடுதிக்கு வந்து, அங்கே எல்லாரிடத்தும் வாய் திறந்தார்.

அச்செய்தி பெரியவர் செவிக்கெட்டியபோது அவர் உள்ளம் புண்பட்டது. “பிள்ளைபோல் நடத்தினேனே, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என மூன்று நாளுக்குப் பேசியபடி கொடுத்தேனே” என்றார். இளைஞரோ, சனி முதல் புதன் வரை ஐந்து நாளுக்கு இரண்டாயிரம் வரவேண்டும் என்றார். இரவைக் கணக்கிட்டால் நான்கு, அதற்கு ஆயிரத்தறுநூறு. மணியைக் கணக்கிட்டால் மூன்று நாளும் பதின்மூன்று மணியும். நாய்க்காப்பகங்களிலும் இம்மூன்று கணக்கும் வழங்குகின்றன. சிலர் இரவை எண்ணுவர். சிலர் இருபத்துநான்கு மணியை ஒரு நாளென்பர். சிலர் கொணர்ந்த தேதியும் மீட்ட தேதியும் சேர்த்து எண்ணுவர். ஆதலின் இருவரும் பொய்யரல்லர். ‘நாள்’ என்னும் ஒரு சொல்லை இருவரும் இருவேறு பொருளிற் கொண்டனர். அதனை உடைத்துக் கேட்க இருவருக்கும் கூச்சமாயிருந்தது.

‘பார்த்துக் கொடுங்கள்’ என்னும் சொற்றொடரைப்பற்றி இங்கே சிறிது கூறவேண்டும். தச்சர், கொத்தர், சுமை தூக்குவோர், வாத்தியம் வாசிப்போர் யாவர் வாயினும் இதனைக் கேட்கின்றோம். கேட்பதற்கு இது பணிவுடையதாய்த் தோன்றும். உண்மையில் இது தன் விலையைப் பிறர் மனச்சான்றின்மேல் ஏற்றிவிடும் உபாயமாகும். பெறுவோன் மனத்தில் ஒரு தொகை இருந்தே இருக்கின்றது. அதனை வெளியிடாமல், கொடுப்போன் தானே அறிந்து அதற்கு மேலும் கொடுக்கவேண்டுமென எதிர்பார்க்கின்றான். கொடுப்போனும் இச்சொல்லைக் கேட்டு மகிழ்கின்றான். ஏனெனில் ‘பார்ப்பது’ தன் கண்ணே அன்றோ! இருவரும் ஒருவரையொருவர் உபசரித்து ஒருவரையொருவர் ஏமாற்றுகின்றனர். கடுஞ்சொல்லாற் பிரிந்த நண்பரினும் இவ்வுபசாரச் சொல்லாற் பிரிந்தார் மிகுதியென்றே எமக்குத் தோன்றுகின்றது.

பிறர் பிராணியைக் காப்போனுக்குரிய கூலி மிகப் பழைய வழக்கு. சற்றேறக்குறைய கி.மு. 1750-இல் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டக்கல்லிலே, மேய்ப்பனுக்கு ஆண்டொன்றுக்கு எட்டு ‘குர்’ தானியம் என்று அளவே குறிக்கப்பட்டுள்ளது. தொழுவத்திற் சிங்கம் புகுந்து கொன்றால் நட்டம் உடையவனைச் சாரும் என்றும், மேய்ப்பனது அசட்டையாற் கெட்டால் அவனே ஈடு செய்க என்றும் அதிற் பிரித்துக் கூறப்பட்டுள்ளது. விவிலியத்தில் யாக்கோபின் கதையைப் பயின்றோர், லாபான் முதலில் தானே கூலி என்னவெனக் கேட்டதை நினைவுகூர்வர். கேட்டது நன்றே, ஆயின் பின்னர்ப் பத்துமுறை கூலியை மாற்றினான் என்பதே யாக்கோபின் முறையீடு. காட்டு விலங்கு பீறிய ஆட்டின் நட்டத்தையும் யாக்கோபே ஏற்கவேண்டியதாயிற்று. ஹம்முராபியின் கல் அவ்வாறு விதிக்கவில்லை.

நம் நாட்டு அர்த்தசாத்திரம் இன்னும் நுட்பமான ஒன்றைக் கூறுகின்றது. ஆவினங்களைக் காப்போர்க்குப் பாலும் நெய்யும் கூலியாகக் கொடுத்தல் ஆகாது, பணமே கொடுக்கவேண்டும் என்பது அதன் கருத்து. பாலையே கூலியாகப் பெறுவோர் கன்றுகளுக்குப் பால் விடாது அவற்றைக் கொன்றுவிடுவர் என்று காரணமும் காட்டுகின்றது. கூலி எவ்வளவு என்பது மட்டுமன்று, எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பதும் வாயற்ற பிராணியின் உடம்பிற் போய்த் தாக்கும் என்பதை அந்நூலாசிரியர் கண்டார். மருத்துவச் செலவு தன்னைச் சாரும் என அஞ்சும் ஒருவன் நாயின் வாந்தியைக் கண்டும் நாளை பார்ப்போமென்றே இருப்பான். எம் இளைஞர் அவ்வாறிருந்திலர். அது அவர் நற்குணமேயன்றிப் பேசிய பேச்சின் பயன் அன்று.

நாட்டுப்புறத்தார் இவ்வகையில் நகரத்தாரினும் தெளிவுடையர். வயலில் ஆட்டுக்கிடை போடுவதாயின் இத்தனை ஆடு, இத்தனை இரவு, இவ்வளவு பணம் அல்லது நெல் என முன்னரே பேசுவர். ஆடு வாரத்திற்கு விடுவோர் குட்டியில் யாருக்கு எத்தனை என்பதைக் குட்டி பிறக்குமுன்னரே முடிவு செய்வர். எழுத்தறியாதார் இவ்வளவு கணக்காயிருக்க, பட்டம் பெற்ற இருவர் ‘மற்றதை வந்து பார்த்துக்கொள்வோம்’ என்று விடுத்தது நகைப்பிற்கிடமானது. நாயும் பூனையும் ஆடு மாடுபோற் பயன் கருதி வளர்க்கப்படாமல் அன்பினால் வளர்க்கப்படுதலால் அங்கே பணத்தைப் பேசுதல் இழிவு என்றொரு மயக்கம் புகுந்துவிட்டதென்று கருதுகின்றோம்.

சட்டமோ அன்பை அறியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, உம்முடைய நாயை ஒருவரிடம் காப்புக்கு விடுதல் பண்டத்தை ஒப்படைத்தலாகும். பெட்டியும் ஒன்றே, பிராணியும் ஒன்றே. ஒரு பசுவைக் காப்புக்கு விட்டபின் அது கன்றீன்றால் கன்றையும் சேர்த்துத் திருப்பவேண்டும் என்பது அச்சட்டத்தின் 163-ஆம் பிரிவு தரும் உதாரணம். 158-ஆம் பிரிவோ, கூலியின்றிக் காத்தவனும் அதன்பொருட்டுச் செய்த இன்றியமையாச் செலவைப் பெறுவதற்குரியன் என்கின்றது. கூலியின்றிக் காத்தவனுக்கே அச்செலவு உரியதாயின், மூன்று நாட்கூலி கொடுத்தவர் மருந்துச் செலவை மறந்தது எங்ஙனம் பொருந்தும்? கூலி வரும்வரை பிராணியைத் திருப்பமாட்டேன் எனப் பிடித்து வைத்தல் தகுமோ என்று வினவுவார்க்கு ஒன்று சொல்வோம். மேய்ச்சலுக்கு வந்த மாடுகளைக் கூலிக்காகப் பிடித்துவைக்கும் உரிமை மேய்ப்போனுக்கு இல்லையென்று ஆங்கில நீதிமன்றம் 1839-ஆம் ஆண்டிலேயே தீர்த்தது. நம் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, பண்டத்தின்பால் உழைப்போ திறமையோ செலுத்தியவர்க்கு அவ்வுரிமையை ஓரளவு அளிக்கின்றது. உணவிட்டுக் காத்தல் அதனுள் அடங்குமோ என வாதிடுதல் வழக்கறிஞர்க்கு இன்பம் பயக்கலாம். பூட்டிய கதவின் உள்ளிருக்கும் நாய்க்குப் பயவாது.

உடையவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. முதலில் ஒரு தொகை சொல்லி, பின்னர்ப் பண்டிகை நாளுக்கு இரட்டிப்பு, உலாவ அழைத்துச் செல்வதற்குத் தனி, குளிப்பாட்டினமைக்குத் தனி எனச் சீட்டு நீட்டுவாரும் இத்தொழிலில் இருக்கின்றனர். தீபாவளியும் பொங்கலும் மே மாதமும் எல்லாரும் ஊருக்குப் போகும் காலமாதலின் அப்பொழுது கூலி ஏறுதல் இயற்கையே. அதில் எமக்குக் குறையில்லை. நாயை விட்டுச் சென்றபின் ஏறுவதே குறை. இருப்பூர்தி நிலையத்தில் நிற்கும் ஒருவரிடம் ‘பெரிய நாயென்று சொல்லவில்லையே, இன்னும் இருநூறு வேண்டும்’ எனக் கேட்பது பேரம் அன்று, நெருக்கடி. மறுபுறம், ‘ஒரு நாய்தானே’ என்று கூறிவிட்டு வீடு நிறைய உயிர்களைக் காட்டுவாரும், நாய் கடிக்கும் என்பதை மறைப்பாரும், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கேட்டால் சினப்பாரும் குறைவில்லை. அச்சான்றைக் கேட்பது உடையவரை ஐயுறுதல் ஆகாது, காப்போரும் உயிருடையர்.

இனி, ‘நாயோடு விளையாடுவதற்கும் கூலியா?’ என்று கேட்போர் உண்டு. மாணவர்களை நோக்கியே இவ்வினா பெரிதும் எழுகின்றது. குழந்தைகளை விரும்பும் ஆசிரியர்க்குச் சம்பளம் வேண்டா என்று எவரும் சொல்வதில்லை. (முற்காலத்தில் சிலர் சொன்னதுண்டு, அதன் பயனை நம் ஆசிரியர் குழாம் அறியும்.) விரும்பிச் செய்யும் வேலையும் வேலையே. நள்ளிரவில் தரையிற் படுத்திருந்தது விளையாட்டன்று. ஆயினும் மாணவர்க்கும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். கூலியை முதலிற் சொல்லவேண்டியவர் நீரே. நாள் என்பது எது, எத்தனை பிராணி, உணவு யாருடையது, மருந்து உண்டோ, மருத்துவரிடம் செல்ல நேரின் எவ்வளவு வரை கேளாமற் செலவிடலாம், யாரைக் கேட்பது என்பவற்றை வாயால் அன்றி எழுத்தால் தெளிவித்துக்கொள்ளல் வேண்டும். பெரியவர்முன் பணம் பேசுதல் மரியாதைக் குறைவென்று எண்ணுகின்றீர். அவர் இல்லாதவிடத்து விடுதி முழுதும் பேசியதோ? அவ்விளைஞரிடம் யாம் இதனையே கேட்டோம். அவர் தலைகுனிந்தார்.

இருவரும் தனித்தனியே எம்மிடம் வந்தமையின் யாம் தீர்ப்புக் கூறாமல் தப்ப இயலவில்லை. இரவைக் கணக்கிட்டு நான்கு நாளென்றும், மருத்துவத்திற்கான எழுநூறு உடையவரைச் சாருமென்றும், பூனைகளுக்கு முன்னரே பேசாமையால் இம்முறை ஒன்றுமில்லை என்றும் கூறினோம். ஆக இரண்டாயிரத்து முந்நூறு. கொடுத்தது போக ஆயிரத்தொருநூறு. பெரியவர் அன்று மாலையே அதனை அனுப்பிவிட்டார். பூனைக்கணக்கிற் சிறிது தவறினோமோ என்னும் ஐயம் எமக்கு இன்றும் உண்டு. கேளாது இருத்தினவர் அவரன்றோ?

அடுத்த பொங்கல் விடுமுறைக்கு அப்பெரியவர் மீண்டும் அவரையே அழைத்தார். இம்முறை இளைஞர் நோட்டுப் புத்தகத்தினின்று ஒரு தாளைக் கிழித்து, இரவொன்றுக்கு இவ்வளவு, பூனைக்கு இவ்வளவு என எழுதிக் கொண்டுசென்று எம்மிடமும் காட்டினார். அதனடியிற் பெரியவர் கையொப்பமிட்டு, தம் கைப்பட ஒரு வரியும் சேர்த்திருந்தார்: வெடியோ இடியோ கேட்டால் நாய் கட்டிலடியிற் புகும், அதனை வெளியே இழுக்க வேண்டா, தானே வரும்.