பெயர் மாற்றத் தெரிந்தவர்களுக்குப் பணியிடம் உருவாக்கத் தெரியாதா?

நமது ஆங்கில இதழின் கட்டுரைகளைத் தமிழாக்கும்போது சில சொற்கள் பேனாவைத் தடுத்து நிறுத்திவிடும். 'ஸ்கூல் சைகாலஜிஸ்ட்' அவற்றுள் ஒன்று. 'பள்ளி உளவியலாளர்' என்று எழுதிவிடலாம். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் படிக்கும் தோழர்களுள் எத்தனை பேர் தம் ஊர் அரசுப் பள்ளியில் அப்படி ஒருவரைக் கண்டிருப்பார்கள்? தலைமையாசிரியர், சத்துணவு அமைப்பாளர், இரவுக் காவலர் ஆகியோருக்குச் சொல்லும் உண்டு, ஆளும் உண்டு. இங்கே சொல் மட்டுமே இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறும் வல்லுநர் வகைகளில் மருத்துவ உளவியலாளர் இருக்கிறார். மறுவாழ்வு உளவியலாளர் இருக்கிறார். செவித்துணைக் கருவித் தொழில்நுட்பரும் இருக்கிறார். பள்ளி உளவியலாளர் என்றொரு வகையே அதில் இல்லை.

இவர் செய்யும் வேலைதான் என்ன? நான்காம் வகுப்புக் குழந்தை ஒன்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறது. எங்கள் காலத்தில் அதற்கு 'மக்கு' என்று பெயர், கடைசி பெஞ்சில் இடம். உளவியலாளர் முதலில் காதையும் கண்ணையும் சோதிக்கச் சொல்வார். வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்பார். வகுப்பின் மூலையில் உட்கார்ந்து பல நாள் கவனிப்பார். அதன் பிறகே சோதனைத் தாள்களைத் திறப்பார். அமெரிக்காவில் லைட்னர் விட்மர் 1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் மருத்துவகத்தைத் தொடங்கியபோது, ஓயாமல் எழுத்துப்பிழை செய்யும் ஒரு மாணவனைப் பள்ளி ஆசிரியை ஒருவர் அவரிடம் அழைத்து வந்தார். அவனுடைய பார்வையில் கோளாறு இருந்தது. கண்ணாடி கிடைத்தது, தனிப் பயிற்சியும் கிடைத்தது. அதுவரை அவன் 'மக்கு'.

பெருமூளை வாதமும் செவித்திறன் குறைவும் வலிப்பும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருந்தால் வேலை இன்னும் நீளும். ஆசிரியர், தாய், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் நால்வரையும் ஒரே மேசையில் அமர்த்தி அந்த ஒரு குழந்தைக்கென்று திட்டம் வகுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அது பலித்ததா என்று பார்க்க வேண்டும். பலிக்கவில்லையெனில் மாற்ற வேண்டும். முதல் வகுப்பில் கண்ட குழந்தையைப் பத்தாம் வகுப்பு முடியும்வரை அறிந்தவராக ஒருவர் இருக்க வேண்டும். எனவே இந்தப் பணியில் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்திருப்பது அவருடைய சொந்த முன்னேற்றம் பற்றிய செய்தி அன்று. அது குழந்தையின் உரிமை. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்து போகிறவர் எத்தனை நல்லவராயினும் கோப்பைத்தான் அடுத்தவரிடம் ஒப்படைக்க முடியும். குழந்தையைப் பற்றிய அறிவை ஒப்படைக்க முடியாது.

இப்போது அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3 லட்சத்து 80 ஆயிரம். சட்டமன்றம் இல்லை, துணைநிலை ஆளுநரின் ஆட்சி, நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர். தன் குழந்தைக்காக ஒரு தாய் மனுவோடு போய் நிற்க ஒரு சட்டமன்ற உறுப்பினர்கூட அங்கே கிடையாது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் மதி இறுக்கத்தையும் அதில் சேர்த்தது. குழந்தைகளைக் கண்டறிய ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, வல்லுநர்களுக்குப் பயிற்சி, போதுமான வள மையங்கள் என்று 17ஆவது பிரிவு கடமைகளை அடுக்குகிறது. சிறப்புக் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர் விகிதத்தை வகுத்து அதற்கேற்ப நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும் என்று ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் வலியுறுத்தியது. நிரந்தரப் பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கும் ஒன்றியப் பிரதேசங்களுக்கும் மீண்டும் கெடு விதிக்க நேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்தும் அதே ஆணையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே ஆட்சியாளரின் அக்கறையை அளந்துகொள்ளலாம்.

2025 ஜூலையில் சுக்தேவ் சாஹா வழக்கில் மற்றுமொரு நெறிமுறை வந்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த நிறுவனங்கள் வெளி வல்லுநர்களோடு முறையான பரிந்துரைத் தொடர்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். நல்ல ஆணைதான். ஆனால் அது தரைக்காரர்களின் கற்பனையில் பிறந்தது. நூறு பேர் தேறாத ஊர்ப் பள்ளிகள் தீவுகளில் எத்தனை! அவற்றுக்கும் வல்லுநருக்கும் இடையில் கிடப்பது கடல். கிரேட் நிக்கோபாரின் கேம்பெல் பே, போர்ட் பிளேரிலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வலிப்பு வரும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பல் ஏறுவதன் பெயர் 'பரிந்துரைத் தொடர்பு' ஆகுமா? புதிய கல்விக் கொள்கை 2020 சொல்லும் பள்ளி வளாகமும் இதே ரகம். ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் உள்ள பள்ளிகள் ஆலோசகரைப் பகிர்ந்துகொள்ளுமாம்!

கற்றல் குறைபாட்டுக்குச் சான்றிதழ் வழங்கும் முறையை 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு அரசிதழில் வெளியிட்டது. மதிப்பீட்டுக் குழுவில் உளவியலாளர் கட்டாயம். தீவுகளின் பள்ளிகள் சிபிஎஸ்இ வாரியத்தைச் சேர்ந்தவை; சான்றிதழ் இருந்தால் தேர்வில் மணிக்கு இருபது நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். உளவியலாளர் எட்டாத இடத்தில் சான்றிதழும் எட்டாது. தேர்வில் தோற்ற குழந்தை 'படிப்பு ஏறாதது' என்று கூலி வேலைக்குப் போகும்.

மொழியைப் பற்றித் தமிழ் படித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தீவுகளில் வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, நிக்கோபாரி, ராஞ்சித் தொழிலாளர் குடும்பங்களின் சாத்ரி என எத்தனையோ மொழிகள் வீடுகளில் பேசப்படுகின்றன. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டனர். அக்குடும்பத்துக் குழந்தையை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அமைந்த தாளால் அளந்தால் எது அளவாகிறது, அறிவா, மொழியா? கரீபியக் குடியேறிகளின் குழந்தைகள் 'கல்வியில் தாழ்நிலையினர்' என்று முத்திரை குத்தப்பட்டுத் தனிப் பள்ளிகளுக்குத் தள்ளப்பட்டதை இங்கிலாந்தில் பெர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறு நூலில் அம்பலப்படுத்தினார். கலிபோர்னியாவில் கறுப்பினக் குழந்தைகளை ஐ.க்யூ. சோதனையால் மந்தபுத்தி வகுப்புகளில் அடைத்ததை 1979இல் லாரி பி. வழக்கு தடுத்தது. வர்க்கமும் இனமும் விளைவித்த வேறுபாட்டை மூளையின் மீது ஏற்றிச் சொல்வது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். ஆகவே நாம் கேட்பது தாளைத் தூக்கிக்கொண்டு வரும் அதிகாரியை அன்று. குழந்தையின் மொழி அறிந்தவரை.

மார்க்சியர்களுக்கு இத்துறையில் ஒரு மரபு உண்டு. 1920களில் மாஸ்கோவில் லெவ் விகோட்ஸ்கி ஊனமுற்ற குழந்தைகளிடையே பணியாற்றி, உடற்குறையைவிட அதற்குச் சமூகம் தரும் இடமே குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்று நிறுவ முயன்றார். இன்று தனியாகச் செய்ய இயலாததைத் துணையோடு செய்ய முடிகிற குழந்தை, நாளை தனியாகச் செய்யும்; அளக்க வேண்டியது அந்த நாளையைத்தான் என்றார். 37 வயதில் காசநோயால் மறைந்தார். இரண்டு ஆண்டுகளில், 1936இல், குழந்தையியலுக்கு எதிரான கட்சி ஆணை வெளிவந்து அவருடைய எழுத்துகள் ஏறத்தாழ இருபதாண்டுகள் முடக்கப்பட்டன. நம் முகாமில் நடந்தது என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. சோதனைத் தாள்களின் மீதிருந்த நியாயமான சினம், உளவியலாளரையே பள்ளியிலிருந்து வெளியேற்றியது.

பணம் இல்லையா? சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்புக் குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய். நாளுக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. கண்டறியும் முகாம், துணைக்கருவி, பயணப்படி, துணையாள் படி அனைத்தும் அதற்குள்ளே. அதே தீவுகளில் கிரேட் நிக்கோபாரின் காட்டை அழித்துத் துறைமுகமும் நகரியமும் கட்ட 72,000 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் போடுகிறார்கள். நாட்டின் முப்படைக் கூட்டுக் கட்டளையகத்தை 2001இல் அங்கே நிறுவியபோது மக்கள்தொகை குறைவு என்று எவரும் தலை எண்ணவில்லை. உளவியலாளரைக் கேட்டால் மட்டும் 'இவ்வளவு சிறிய இடத்துக்கா?' என்ற கேள்வி எழுகிறது.

சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி 1,224 கோடி ரூபாயில் போடப்பட்டு 2020 ஆகஸ்டில் பிரதமரால் தொடங்கி வைக்கப்பட்டதே, காணொளியில் பார்த்துக்கொள்ளலாமே என்பார் சிலர். டெலி மானஸ் தொலைபேசிச் சேவையையும் காட்டுவார்கள். பேசத் தெரிந்தவருக்கு அது உதவும். பேச்சே வராத குழந்தை எந்த எண்ணை அழுத்தும்?

மாறாக, பெயர் மாற்றுவதில் இந்த அரசுக்கு இணையில்லை. 2015இல் மாற்றுத்திறனாளிகள் 'திவ்யாங்' ஆனார்கள். தெய்வீக உறுப்பு வந்தது, சிறப்பாசிரியர் வரவில்லை. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆனது. பெயர்ப் பலகைக்குச் செலவு குறைவு, ஓய்வூதியமும் தர வேண்டாம்.

வேண்டும்போது அரசுக்கு வழி தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் குழுவினர் அந்தமான் நிவாரண முகாம்களுக்கு வந்து பணியாற்றினர். உள்ளூர் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தனர். நன்றியோடு நினைக்க வேண்டிய பணி அது. நிவாரணம் முடிந்தது, வல்லுநர்கள் திரும்பினர். அன்று முகாமில் ஐந்து வயதாக இருந்த குழந்தையின் எஞ்சிய பள்ளிப் பருவம் முழுவதும் யார் உடனிருந்தார்?

முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் கீழ் போர்ட் பிளேரில் ஒரு கூட்டு மண்டல மையம் இயங்குகிறது. அங்கே தொடங்கலாம். தீவுகளின் இளைஞர்களையே, அவரவர் மொழியோடு, அரசுச் செலவில் பயிற்றுவித்துக் காலமுறை ஊதியத்தில் பள்ளிகளில் அமர்த்த வேண்டும். இப்போது ஒப்பந்தத்தில் உழலும் சிறப்பாசிரியர்கள் நம் வர்க்கத்தவர். அவர்களை நிரந்தரமாக்க வேண்டும். நூறு மாணவர் என்ற வரம்பைத் தீவுப் பள்ளிகளுக்குத் தளர்த்தித் தீவுக்கு ஒருவர் என்று விதி செய்ய வேண்டும். அனைத்துக்கும் முன்னதாக, 2016 சட்டத்தின்படி 2019 ஏப்ரலுக்குள் முடிந்திருக்க வேண்டிய பள்ளிக் குழந்தைகள் கணக்கெடுப்பின் எண்களைத் தீவுவாரியாக நிர்வாகம் வெளியிடட்டும்.