வேகம் மட்டும் போதாது, தொடர்ச்சியும் வேண்டும்

வெளியூர் வியாபாரிகள் நேரில் வந்து சரக்கைப் புரட்டிப் பார்த்து விலை பேசுவது குறைந்துவிட்டது. இன்று கைபேசி வீடியோவில் சேலையின் கரையையும் முந்தானையையும் காட்டுகிறோம், ஆர்டர் முடிகிறது. ஆனால், பேசிக்கொண்டே கடையிலிருந்து பின்தெருக் கிடங்குக்கு நடந்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. மறுபடி அழைப்பதற்குள் அவர் வேறு கடையில் விலை கேட்கத் தொடங்கிவிடுகிறார்.

இதற்குக் காரணம் வேகக் குறைவு மட்டுமல்ல. கடைக்குள் வைஃபை, தெருவில் 4ஜி அல்லது 5ஜி. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது கைபேசியின் இணைய முகவரியே மாறிவிடுகிறது. கடை இடம் மாறியது தெரியாமல் லாரி ஆபீஸ் பழைய முகவரிக்கே பார்சலை அனுப்புவதைப் போன்றது இது. போதாக்குறைக்கு, பல கைபேசிகள் வைஃபை சிக்னல் தேய்ந்து அறும்வரை அதை விடுவதில்லை.

சினிமா பார்க்கும்போது இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தெரியாது. அடுத்த சில விநாடிக் காட்சிகள் முன்கூட்டியே வந்து இருப்பில் இருக்கும். 2012-ல் வெளியான எம்பெக்-டேஷ் போன்ற தர முறைகள், இணைப்பு மெலிந்தால் படத்தின் தெளிவைக் குறைத்து ஓட்டத்தைக் காக்கின்றன. நேருக்கு நேர் பேசும் அழைப்பில் அப்படி இருப்பு வைக்க வழியில்லை.

தொழில்நுட்பத்தில் வழி இல்லாமல் இல்லை. 2021 மே மாதம் வெளியான குயிக் தரம், ஒவ்வொரு இணைப்புக்கும் தனி அடையாள எண் தருகிறது. வாடிக்கையாளர் கடை மாற்றினாலும் பேரேட்டில் அவர் கணக்கு எண் மாறாதது போல, முகவரி மாறினாலும் இணைப்பு தொடரும். எல்லாச் செயலிகளும் இதைப் பயன்படுத்துவதில்லை. ஒரே வளாகத்தில் பல வைஃபை பெட்டிகளுக்கிடையே விரைவாக மாறுவதற்கு 802.11ஆர் என்ற தரம் 2008 முதலே இருக்கிறது.

எனவே உறுப்பினர்களுக்கு நாம் சொல்வது இதுதான். கிடங்குவரை நடக்க வேண்டியிருந்தால், வழியெங்கும் சிக்னல் உள்ள இடங்களில் வைஃபையை அணைத்துவிட்டு அழைப்பைத் தொடங்குங்கள். வணிக வளாகத்துக்குப் பொது வைஃபை போட கொட்டேஷன் வாங்கும்போது வேகத்தை மட்டும் கேட்காதீர்கள். வீடியோ அழைப்பில் இருந்தபடியே முதல் கடையிலிருந்து கடைசிக் கடைவரை நடந்து காட்டச் சொல்லுங்கள். படம் நிற்காவிட்டால் மட்டுமே பாக்கித் தொகையைக் கொடுங்கள்.

தராசு முள்ளைப் பார்க்காமல் சரக்கு எடுக்காத நாம், இணைப்பை மட்டும் விளம்பரத்தை நம்பி வாங்கலாமா?