வேனிலேயே தூங்கப் போறீங்களா? ஏலக்காய் ஸ்டோர்கிட்ட ஒரு பாடம் கேட்டுட்டுப் போங்க!

போடிநாயக்கனூரில் ஃபேன் போட்டுத் தூங்குகிற அதே இரவில், மேலே போடிமெட்டில் ஸ்வெட்டரும் குல்லாவும் இல்லாமல் நிற்க முடியாது. நடுவில் இருப்பது 17 கொண்டை ஊசி வளைவுகள்தான். அந்த வளைவுகளில் நாம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அதற்கும் மேலே, ஏழாயிரம் அடியைத் தாண்டி நிற்கிறது கொழுக்குமலை. பக்கத்து மூணாறில் ஜனவரி இரவுகள் சில வருடங்களில் பூஜ்ஜியத்தையே தொட்டிருக்கின்றன.

இந்த மலையில் வண்டிக்குள் படுத்து இரவைக் கழிப்பவர்கள் இப்போது அதிகம். சூரிய உதயம் பார்க்க சூரியநெல்லியில் விடிகாலை ஜீப் பிடிக்க வருகிறவர்கள், சபரிமலைக்குப் போகிற வேன்கள், சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டுக்கொண்ட மாருதி ஆம்னிகள், காருக்குப் பின்னால் இழுத்து வரும் குட்டி கேம்பர் டிரெய்லர்கள் எனப் பல வகை. எல்லோருக்கும் நள்ளிரவு இரண்டு மணிக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: ‘எதையாவது பற்றவைத்துச் சூடாக்கினால் என்ன?’

இந்த வாரம் அந்தக் கேள்விக்கான பதில்.

பூட்டிய கதவுக்குள் நடந்தவை

2020 ஜனவரி. நேபாளத்தின் தாமன் என்ற மலையூருக்குச் சுற்றுலா போன கேரளத்துக் குடும்பங்களைச் சேர்ந்த எட்டுப் பேர், குளிர் தாங்காமல் ஒரே அறையில் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கினார்கள். கதவு, ஜன்னல் எல்லாம் உள்பக்கம் பூட்டியிருந்தது. எட்டுப் பேருமே உயிரோடு திரும்பவில்லை. அவர்களில் நான்கு பேர் குழந்தைகள்.

2024 ஆகஸ்ட். கொடைக்கானலில், திருச்சியிலிருந்து வந்த இளைஞர்கள் கரி அடுப்பில் பார்பிக்யூ செய்தார்கள். அந்த அடுப்பு இருந்த அறையிலேயே தூங்கிய இரண்டு பேர் காலையில் எழுந்திருக்கவில்லை.

2024 டிசம்பர். கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏசிக்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் விஷவாயு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று நிபுணர் குழு பின்னர் சொன்னது.

மூன்றிலும் ஆளைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடமே இருக்காது. விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது.

‘புகையே வரலையே, வெறும் கங்குதானே’ என்று நினைப்பதில்தான் ஆபத்து. நன்றாகக் கனிந்து புகை நின்ற கரிதான் இந்த வாயுவைத் தாராளமாக வெளிவிடும். ஒரு வீட்டு அறையைவிட வேனின் உள்ளிடம் பல மடங்கு சிறியது. அதனால் விஷமும் சீக்கிரம் சேர்ந்துவிடும்.

ஸ்டோர் எப்படிச் சூடாகிறது?

இந்த மலைக்காரர்களுக்கு மூடிய அறையைச் சூடாக்கும் வித்தை புதிதல்ல. தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கும் ஏலக்காய் ஸ்டோரைப் பாருங்கள். பறித்த பச்சைக்காயை நிறம் கெடாமல் உலர்த்தும் அறை அது. உள்ளே ஐம்பது டிகிரியை ஒட்டிய சூடு, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும்.

விறகு அடுப்பின் வாய் அறைக்கு வெளியே இருக்கும். சூடான புகை தகரக் குழாய்க்குள் அடைபட்டு அறையைச் சுற்றி வந்து, புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். குழாயின் சூடு மட்டும் அறைக்கு, புகை வானத்துக்கு. புகை கசிந்தால் காயின் நிறமும் மணமும் கெட்டு விலை போகாது என்பதால், குழாயில் சின்ன ஓட்டையைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள்.

இன்னொன்று, ஆரம்ப மணி நேரங்களில் ஸ்டோரின் காற்றுத் திறப்புகளைத் திறந்துவைப்பார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாக வற்ற வேண்டும். அந்த ஈரம் வெளியேறாவிட்டால் எவ்வளவு சூடு கொடுத்தும் பயனில்லை.

நெருப்பு வெளியே, புகை மேலே, ஈரமும் வெளியே. குளிர்நாட்டு கேம்பர் வேன்களில் பொருத்தும் டீசல் ஹீட்டரும் இதே கணக்குதான். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியே தள்ளி, சூட்டை மட்டும் உள்ளே தரும். முறையாகப் பொருத்திய அப்படியொரு ஹீட்டர் உங்கள் வண்டியில் இல்லையென்றால், உள்ளே எதையும் எரிக்கக் கூடாது. கரி, கேஸ் அடுப்பு, மெழுகுவத்தி எதுவும் வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் அப்படித்தான். சைலன்சர் கசிந்தால் அந்த வாயுவும் இதேதான்.

அப்போ குளிருக்கு என்னதான் செய்வது?

தூங்கும் மனித உடம்பு ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூட்டை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டைத் தப்பவிடாமல் பிடித்துவைத்தாலே இந்த மலையின் குளிருக்குப் போதும்.

* முதலில் அடிப்பக்கம்: போர்வையைவிட விரிப்புதான் முக்கியம். வண்டியின் தகரத் தரைக்குக் கீழே குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். கீழே அட்டை அல்லது சாக்கு, அதன் மேல் ஃபோம் மேட், அதற்கும் மேல் ஜமுக்காளம் எனப் போடுங்கள்.

* கண்ணாடிகளை மறையுங்கள்: சூடு வேகமாகத் தப்பும் வழி கண்ணாடிதான். வெயிலுக்கு வைக்கும் வெள்ளி நிறத் தடுப்பையோ கெட்டி அட்டையையோ கண்ணாடி அளவுக்கு வெட்டி உள்பக்கம் பொருத்துங்கள்.

* இரண்டு விரல் இடைவெளி: எதிரெதிர் பக்கம் இரண்டு ஜன்னல்களைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள். ஒருவர் இரவெல்லாம் விடும் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு டம்ளர் அளவுக்கு நீர் வெளியேறும். நான்கு பேர் படுத்தால், காலையில் கூரையிலிருந்து போர்வை மேல் சொட்டும். நனைந்த கம்பளியில் குளிர் இரட்டிப்பாகத் தெரியும்.

* உடை மாற்றிப் படுங்கள்: பகலெல்லாம் நடந்து வியர்த்த பனியன், சாக்ஸோடு படுக்காதீர்கள். காய்ந்த உடை, காய்ந்த சாக்ஸ், காதை மூடும் குல்லா போதும். ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது.

* வெந்நீர்ப் பை: மாலையில் கடையில் வெந்நீர் வாங்கி ஃபிளாஸ்க்கில் வைத்திருங்கள். படுக்கும்போது ரப்பர் பையில் ஊற்றி, துணி சுற்றி, கால்மாட்டில் போட்டுக்கொள்ளலாம். குழந்தைகளுக்குச் சூடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* வயிறு: காலி வயிற்றோடு படுத்தால் குளிர் கூடும். சூடான சாப்பாடு, பிறகு ஒரு கைப்பிடி வேர்க்கடலை நல்லது. மது குடித்தால் உடம்பு சூடானது போலத் தோன்றும். உண்மையில் அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே அனுப்பிவிடும்.

எங்கே நிறுத்துவது?

குளிர்காற்று கனமானது, தண்ணீர்போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். மூணாறில் உறைபனி முதலில் வெளுப்பது பள்ளத்துப் புல்வெளியில்தான். அதனால் ஓடைக்கரையை விட்டுக் கொஞ்சம் மேட்டில், காற்று நேராக அடிக்காத இடத்தில் நிறுத்துங்கள்.

ஆனால், ஒதுக்குப்புறமான காட்டோரம் வேண்டவே வேண்டாம். சின்னக்கானல், சூரியநெல்லி எல்லாம் யானை நடமாடும் இடங்கள். 2023-ல் அரிக்கொம்பனை இங்கிருந்து கொண்டுபோய்விட்டார்கள் என்றாலும் மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. அனுமதி உள்ள முகாம், தங்கும் விடுதியின் வளாகம், ஆள் நடமாட்டம் உள்ள பார்க்கிங் இவைதான் சரி. காய்ந்த புல் பக்கத்தில் கேம்ப்ஃபயரும் கூடாது. 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் பரவிய தீயில் 23 பேரை இழந்த சரிவு இது.

யாருக்காவது தலை வலித்தால்…

வண்டிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலைவலியோ, குமட்டலோ, காரணமில்லாத மயக்கமோ வந்தால் ‘மலை ஏறியதால் பித்தம்’ என்று மாத்திரை போட்டுப் படுக்க வேண்டாம். கதவுகளைத் திறங்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். எரிவதை அணைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கமும் அதே எண்தான். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. புகை அலாரம் வேறு, இது வேறு. வண்டியில் அடிக்கடி தங்குகிறவர்கள் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பு இதை வாங்குங்கள்.

இதையெல்லாம் செய்தும் குளிர் தாங்கவில்லையா, கூட கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கிறார்களா? யோசிக்காமல் வண்டியை போடிக்கு இறக்குங்கள். ஒரு மணி நேரத்தில் சூடான ஊருக்கு வந்துவிடலாம். சூரிய உதயத்தை நாளைக்கும் பார்த்துக்கொள்ளலாம்.