பாலசந்தருக்குக் கிடைக்காத விருது

கே.பாலசந்தருக்கு 2010-க்கான பால்கே விருதே கொடுத்தாச்சே, இன்னும் என்ன வேணும்? வகுப்பில் ஒருத்தன் இப்படிக் கேட்டதில் ஆரம்பித்த சண்டை இது. போதாது என்பது என் கட்சி.

காமர்ஸ்காரன் என்பதால் வரவுப் பக்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன். (அவரும் ஏஜி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர்தான், நம்ம இனம்!) இரு கோடுகள், அபூர்வ ராகங்கள், தண்ணீர் தண்ணீர், அச்சமில்லை அச்சமில்லை, இந்த நான்குக்கும் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது. 1987-ல் பத்மஸ்ரீ. பெரிய பட்டியல்தான். ஆனால் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது ஒரு தடவைகூட இல்லை. தமிழ்ப் படத்துக்கு அது முதலில் வந்ததே 1996-ல், காதல் கோட்டைக்காக அகத்தியனுக்கு.

ஹாலிவுட்டில் ஜான் ஃபோர்டு இயக்குநருக்கான ஆஸ்கரை 4 முறை வாங்கினார். அவர் பேரைச் சொன்னாலே ஞாபகம் வரும் கௌபாய் படங்களுக்கு அதில் ஒன்றுகூட இல்லை. விருதுக் கமிட்டிகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போல.

1981-ல் வந்த தண்ணீர் தண்ணீர் படத்தையே எடுத்துக்குங்க. கோமல் சுவாமிநாதனின் நாடகம். அத்திப்பட்டி ஜனங்கள் தண்ணீருக்காகத் தாங்களே வாய்க்கால் வெட்டக் கிளம்புகிறார்கள், அதிகாரிகள் வந்து நிறுத்துகிறார்கள். திரைக்கதைக்கும் விருது கொடுத்தார்கள். இயக்குநர் விருது அந்த வருஷம் அபர்ணா சென்னுக்குப் போனது. அவர் படமும் நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேடை நாடகத்தை வெயிலும் புழுதியுமாக ஒரு கிராமமாகவே மாற்றிக் காட்டியது யார் வேலை? எழுத்து மட்டுமா அதைச் செய்தது?

போன மாசம் கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கிற நண்பனுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் நடக்க வேண்டிய ஊர் அவனுடையது. அந்த மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது 2024-ல். படம் வந்து 43 வருஷம் கழித்து!

வாய்க்காலை நிறுத்தும் காட்சியில் அவன் படத்தை நிறுத்தச் சொன்னான். "இதை எடுத்தவர் எங்க ஊருக்கு வந்திருக்காராடா?" என்றான். இல்லை, திருவாரூர் பக்கத்துக்காரர் என்றேன். அவன் நம்பவே இல்லை.