கேம்ல கதையே இல்லையாம், அதான் படம் ஊத்திக்கிச்சாம்!

வீடியோ கேமை எடுத்துப் படம் பண்ணி அது ஊத்திக்கும்போதெல்லாம் ஒரே ஒரு பதிலை ரெடிமேடா வச்சிருக்காங்க. "என்ன பண்றதுங்க, கேம்ல கதையே கிடையாது. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?" 1993ல சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு இந்தப் பாட்டு. 1994ல டபுள் டிராகனுக்கும், வருஷக் கடைசியில வந்த வான் டாமோட ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கும் அதே பாட்டு. கேட்கறவங்களும் "ஆமால்ல, சும்மா அடிச்சுக்கற கேம்ல என்ன பெருசா இருந்துடப் போகுது"ன்னு தலையாட்டிட்டுப் போயிடறாங்க.

இது பொய் மக்களே. தேதி போட்டே நிரூபிக்கலாம். 1994 ஆகஸ்ட் 6ந் தேதி ஜப்பான்ல 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' அனிமேஷன் படம் வெளியாச்சு. அதே வருஷம் டிசம்பர் 23ந் தேதி அமெரிக்காவுல வான் டாம் படம் வெளியாச்சு. ரெண்டுக்கும் ஒரே கேம். கேமுக்குச் சொந்தக்காரனும் ஒரே காப்காம் கம்பெனி. வில்லன் கூட ஒரே ஆள்தான். நடுவுல நாலரை மாசம். இதுல ஒண்ணு சண்டைப் படம்னா என்னன்னு பாடம் எடுக்குது. இன்னொண்ணை நாலு ஃப்ரெண்டுங்க சேர்ந்து உக்காந்து கலாய்ச்சுக்கிட்டே பாக்கலாம். சட்டியில ஒண்ணுமே இல்லைன்னா முதல் படத்துக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்?

(வில்லன் பேர்ல ஒரு குழப்பம் இருக்கு, முதல்லயே சொல்லிடறேன். ஜப்பான்ல எம்.பைசன்னா அது குத்துச்சண்டைக்காரன். மைக் டைசன் கேஸ் போட்டுடுவாரோன்னு பயந்து வெளிநாட்டுக்கு அனுப்பும்போது மூணு பேரோட பேரை மாத்திப் போட்டாங்க. நான் வெளிநாட்டுப் பேரைத்தான் சொல்றேன். பைசன்னா சிவப்புச் சட்டை சர்வாதிகாரி, வேகான்னா கையில நகம் மாட்டிக்கிட்டு வர்ற முகமூடி.)

1991ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 கேம்ல எழுத்துல இருக்கற கதை கம்மிதான், ஒத்துக்கறேன். ஆட்டத்தை ஜெயிச்சா கடைசியில நாலு வரி வரும், அவ்வளவுதான். ஆனா அந்த கேமை உக்காந்து ஆடினவனுக்குத் தெரியும் அதோட கதை எங்க இருக்குன்னு. ஒரு அடி விழுந்தா அடிச்சவன், வாங்கினவன் ரெண்டு பேருமே கண் சிமிட்டற நேரம் அப்படியே உறைஞ்சு நிப்பாங்க. அந்த உறைவுலதான் அடியோட கனம் இருக்கு. அதை எடுத்துட்டுப் பாருங்க, ரெண்டு காகித பொம்மை உரசிக்கற மாதிரி இருக்கும். அப்புறம் தூரம். கைல் உக்காந்து காத்துக்கிட்டே இருப்பான், தப்பான நேரத்துல குதிச்சு வந்தீங்கன்னா காலி. ஜாங்கீஃப் கிட்ட நெருங்கிட்டான்னா முடிஞ்சது கதை. யார் எந்த தூரத்துல பலசாலி, யார் பொறுமையில்லாதவன், யார் ஏமாத்துவான், எல்லாமே கை கால்லயே எழுதி வச்சிருக்கு. அடுத்தடுத்து அடியைக் கோக்கற காம்போ இருக்கே, அது முதல்ல யாரும் திட்டம் போட்டு வச்சது இல்ல. தெரியாம வந்துடுச்சு, நல்லா இருக்கேன்னு விட்டுட்டாங்க. பொட்டி தட்டற மக்களுக்கு இது புரியும். பக்கை ஃபீச்சர்னு சொல்லி ஊரை ஏமாத்தாம, நெஜமாவே ஃபீச்சரா ஆன கதை சரித்திரத்துலயே கொஞ்சம்தான்.

இப்படிப்பட்ட ஒண்ணைக் கையில குடுத்தா ஹாலிவுட் என்ன பண்ணுச்சு? கதை இல்லைன்னு சொல்லி லாரி லாரியா கதையைக் கொண்டாந்து கொட்டுச்சு. ரியூவும் கென்னும் போலி துப்பாக்கி விக்கற ஃபோர்ஜரி பசங்க. சுன்-லீ டிவி நிருபர். சுமோ வீரன் ஹோண்டா அந்தம்மாவோட டீம்ல எடுபிடி. தால்சிம்? அவரு டாக்டராம். காந்தி படத்துல நேருவா நடிச்ச ரோஷன் சேத்தைக் கூட்டிட்டு வந்து லேப்ல கோட்டு மாட்டி நிக்க வச்சுட்டாங்க. ஹீரோ யாருன்னா ரியூ இல்ல, கைல். ஏன்னா வான் டாம்தான் கைல். பெல்ஜியம் உச்சரிப்புல பேசற அமெரிக்க ராணுவ அதிகாரி! சண்டைப் படத்துல சண்டையைத் தவிர எல்லாம் இருந்துச்சு. பைசனா வந்த ரவுல் ஜூலியா மட்டும் உடம்பு முடியாத நிலைமையிலும் ரசிச்சு நடிச்சிருப்பார், படம் வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, அக்டோபர்ல, இறந்தும் போயிட்டார். அந்த மனுஷனுக்காக ஒருதரம் பாக்கலாம். படம் காசு பார்த்துச்சுங்கறதையும் மறைக்கலை. காசு பார்த்ததுனாலதான் அந்த ரெடிமேட் பதில் செத்துப்போகாம இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு.

இப்ப ஜப்பான்காரன் பண்ணதைப் பாருங்க. டைரக்டர் கிசாபுரோ சுகீ. 1963லயே ஆஸ்ட்ரோ பாய்ல வேலை பார்த்த ஆளு. 1985ல மியாசாவா கென்ஜியோட கதையை வச்சு 'நைட் ஆன் த கேலக்டிக் ரயில்ரோட்'னு ஒரு படம் பண்ணார். பூனைகள் ரயில்ல போற படம், பாதி நேரம் யாரும் பேசவே மாட்டாங்க. அவ்வளவு அமைதியான படம் எடுத்தவர்கிட்ட போயி அடிதடி கேமைக் குடுத்திருக்காங்க. அங்கதான் விஷயமே. அமைதி தெரிஞ்சவனுக்குத்தான் அடியோட சத்தம் தெரியும்.

அடுத்தது, சண்டை அமைக்க யாரைக் கூப்பிட்டாங்கன்னு பாருங்க. 1993ல கே-1 போட்டியை ஆரம்பிச்ச கசுயோஷி இஷியையும், அங்க சண்டை போட்ட சுவிட்சர்லாந்து கராத்தே வீரர் ஆண்டி ஹக்கையும். காலைத் தலைக்கு மேல தூக்கி, குதிகாலால கோடாலி மாதிரி இறக்குவாரே, அவரேதான். வரையற படத்துக்கு நெஜ சண்டைக்காரன் எதுக்குன்னு கேப்பீங்க. வரைஞ்சா எதையும் வரையலாம், ஒரு ஆள் இருபது அடி பறக்கலாம், கயிறு கூட வேணாம். அதனாலதான் வேணும். உதைக்கறதுக்கு முன்னாடி இடுப்பு எங்க திரும்பணும், ஊன்றின கால் எங்க இருக்கணும், அடி படாம போனா உடம்பு எந்தப் பக்கம் சாயும், இதெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டவனுக்குத்தான் தெரியும்.

ஆரம்ப சண்டையை மட்டும் எடுத்துக்கங்க. இடி, மழை, ஆள் இல்லாத புல்வெளி. ரியூவும் சகாத்தும். யாரு, எந்த ஊரு, என்ன பகை, ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. சகாத் உயரம், கால் நீளம், அதனால ரியூ உள்ள புகுந்தே ஆகணும். உள்ள புகறதுக்கு வாங்கித்தான் ஆகணும். வாங்கறான். நெஞ்சைக் கிழிக்கற அந்த மேல்நோக்கிக் குத்துக்கு அப்புறம் சகாத் வெறி பிடிச்சு ஓடி வர, ரியூ ரெண்டு கையையும் பின்னால கொண்டு போறான். அப்புறம்தான் படத்தோட பேரே வருது. சகாத் எப்பேர்ப்பட்ட கர்வக்காரன், ரியூ எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரன்னு சில நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு. கதை இல்லையாம்ல கதை!

சுன்-லீயும் வேகாவும் அவ ஃப்ளாட்டுக்குள்ள போடற சண்டை இதை விட ஒரு படி மேல. சின்ன அறை. அவன் கையில நகம், இவ கையில ஒண்ணும் கிடையாது. சோபாவைத் தூக்கி அடிக்கறா. வெட்டு விழ விழ பயம் வருது, பயத்தோடயே சண்டை போடறா. கடைசியில சுவரோட சேர்த்து அவனை வெளிய உதைச்சுத் தள்ளிட்டு விழுந்துடறா. ஜெயிச்சும் அடுத்து ஆஸ்பத்திரிதான். நாயகின்னா கீறல் இல்லாம வரணும்னு நினைக்கற படங்களைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு இது புதுசு.

ஆனா ஒண்ணு. அந்தச் சண்டைக்கு முன்னாடி வர்ற குளியல் காட்சி தேவையே இல்லாத விடலைத்தனம். அமெரிக்காவுல வெட்டின பதிப்பு, வெட்டாத பதிப்புன்னு தனித்தனியா வித்தாங்க. ஊர்ப்பட்ட பசங்க படத்தைப் பத்திப் பேசினாலே அதைத்தான் பேசறாங்க. இவ்வளவு நல்ல சண்டையை எடுத்துட்டு, அதை நீங்களே கூறு போட்டு வித்தா எப்படிய்யா?

எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் பிடிச்சது வேற. பைசன் உலகம் பூரா எந்திர மனுஷங்களை அனுப்பி வச்சிருக்கான். அவங்க கண்ணுதான் கேமரா. யாரு எங்க சண்டை போட்டாலும் பதிவு பண்ணி, பலத்தைக் கணக்குப் போட்டு, எண்ணா அனுப்பிடுவாங்க. நல்ல எண் வந்த ஆளைப் பிடிச்சு மூளைச்சலவை பண்ணி அடியாளா ஆக்கறதுதான் திட்டம். அந்தப் பட்டியல்ல முதலாவது ரியூ. ஆனா அவனுக்கு வீடு கிடையாது, விலாசம் கிடையாது, ஒரு பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்கான். தேடித் தேடி கிடைக்கலை. அதே அளவு எண் வந்த கென்னைப் பிடிச்சுட்டுப் போறான் பைசன். கூடப் படிச்சவனே எதிர்ல கொலைவெறியோட வந்து நிக்கும்போது ரியூ திருப்பி அடிக்க மாட்டேங்கறான். எண்ணை வச்சு ஆளை எடை போட்டவனுக்கு இந்த நட்பு கணக்குலயே வரலை. மத்தவங்க லாரி வச்சுக் கொண்டாந்தும் கிடைக்காத கதையை, ஒவ்வொருத்தனுக்கும் இவ்வளவு பலம், இவ்வளவு உயிர்னு கோடு போட்டுக் காட்டற அதே கேம்லேருந்து இவங்க எடுத்துட்டாங்க. 1995ல இந்தப் படத்தை வச்சே ப்ளேஸ்டேஷன், சாட்டர்ன் ரெண்டுக்கும் ஒரு கேம் வந்துச்சு. அதுல நாம யாருன்னா அந்த எந்திர மனுஷன்! குசும்பு பிடிச்ச பசங்க.

"பாத்திரங்கள் ஜாஸ்தி, பாதி பேரு வந்துட்டுப் போயிடறாங்க"ன்னு ஒரு குறை சொல்றாங்க. உண்மைதான். சியாட்டில்ல டி.ஹாக் வந்து கென்கிட்ட வம்பிழுத்துட்டுப் போறான், அதோட சரி. நம்ம தால்சிமுக்கு கல்கத்தாவுல ஹோண்டாவோட ஒரே ஒரு சண்டை. மண்டையோட்டு மாலை போட்டு நெருப்பு துப்பற யோகி, வெள்ளைக்காரன் காலத்து சர்க்கஸ் போஸ்டர்லேருந்து இறங்கி வந்த மாதிரி, எனக்கு எப்பவுமே எரிச்சல்தான். ஆனாலும் கூட்டத்துல நிக்கற ரியூவை உணர்ந்து, ஜெயிக்கப் போற சண்டையை விட்டுட்டுப் போறதுல அவருக்கு ஒரு கௌரவம் இருக்கு. லேப் கோட்டுக்கு இது எவ்வளவோ தேவலை.

பார்க்காதவங்க பார்க்கப் போனீங்கன்னா ஜப்பானிய ஒலியோட, சப்டைட்டில் வச்சுப் பாருங்க. அமெரிக்காவுல இசையையும் விட்டு வைக்கலை. கார்ன், ஆலிஸ் இன் செயின்ஸ், சில்வர்சேர்னு ராக் பாட்டுங்களைத் தூக்கி நடுவுல சொருகிட்டாங்க. அந்த பேண்டுகளோட எனக்கு ஒரு சண்டையும் இல்ல. ஜப்பான்ல 20 லட்சம் பிரதிக்கு மேல வித்த ரியோகோ ஷினோஹரா பாட்டைத் தூக்கிட்டு அதைப் போட்டதுதான் கடுப்பு. அந்தப் பாட்டு மெட்டை அடுத்த வருஷமே காப்காம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபாவுல எடுத்துப் போட்டுக்கிச்சு. ரியூவும் கென்னும் சேர்ந்து பைசனை அடிக்கற ஆட்டம் ஒண்ணு அதுல இருக்கு, அதுக்கு. படத்தோட கடைசி சண்டை அப்படியே. கேம்ல ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்றீங்களே, கேமே இந்தப் படத்துக்கிட்டேருந்து கடன் வாங்கியிருக்கு சாமி.