காப்லி வரைந்த வெள்ளிக் கெண்டி

ஜான் சிங்கிள்டன் காப்லியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய வாழ்க்கையை 1774-இல் இரண்டாக வெட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் பாஸ்டனில் அசலான கலைஞர். அதற்குப் பின் லண்டனில், சீமான்களின் ரசனைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர். இத்தீர்ப்பு முழுவதும் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊரைவிட்டுப் போனதற்காக ஒரு கலைஞரைக் கூண்டில் ஏற்றும் தொனி அதில் இருக்கிறது. அதுதான் எனக்கு உவப்பாக இல்லை.

காப்லி 1738-இல் பாஸ்டனில் பிறந்தவர். தாயார் துறைமுகத்தில் புகையிலைக் கடை நடத்தினார். அவர் மறுமணம் செய்துகொண்ட பீட்டர் பெல்ஹம், செப்புத் தகட்டில் உருவப்படங்களைச் செதுக்கி அச்சிடுபவர். அவ்வீட்டில் மூன்றாண்டுகள் கண்டும் கேட்டும் பழகியதே காப்லியின் கல்வி. 1751-இல் பெல்ஹமும் இறந்தார். பையனுக்கு அப்போது 13 வயது. ஊரில் ஓவியப் பள்ளி கிடையாது. பார்த்துப் பழகப் பேரோவியங்களும் கிடையாது. இங்கிலாந்திலிருந்து வந்த கறுப்பு வெள்ளை அச்சுப்படங்களிலிருந்து உடையையும் அமரும் நிலையையும் எடுத்துக்கொள்ளலாம். வண்ணத்தை எங்கிருந்து எடுப்பது? எதிரே அமர்ந்திருக்கும் மனிதரிடமிருந்துதான். காப்லியின் பாஸ்டன் முகங்களில் உள்ள விடாப்பிடியான கவனம் இந்த இல்லாமையில் விளைந்தது என்பது என் எண்ணம்.

அவருக்கோ அது வெறும் இல்லாமையாகவே பட்டது. 1765-இல், தாயின் இரண்டாம் மணத்தில் பிறந்த தம்பி ஹென்றியைப் பறக்கும் அணிலோடு வரைந்து லண்டனுக்கு அனுப்பினார். மறு ஆண்டு கண்காட்சியில் அதைக் கண்ட ரெனால்ட்ஸ் பாராட்டினார். பாஸ்டனிலேயே தங்கிவிட்டால் கை கெட்டுவிடும் என்று எச்சரிக்கவும் செய்தார். பென்ஜமின் வெஸ்ட், கோடுகள் கடுமையாக இருப்பதாகக் குறை கண்டார். அக்காலத்துக் கடிதம் ஒன்றில் காப்லி கசந்து எழுதுகிறார்: இவ்வூரார் ஓவியத்தைத் தச்சு, தையல், செருப்புத் தைத்தல் போன்ற மற்றுமொரு தொழிலாகவே மதிக்கிறார்களாம்.

என் வியப்பு இங்கேதான் தொடங்குகிறது. தொழிலாளியாக எண்ணப்படுவதில் மனம் நொந்த அதே மனிதர், 1768-இல் பால் ரெவியர் என்ற வெள்ளி வேலைக்காரரை வரைந்தார். பொய்முடி இல்லை, மேலங்கி இல்லை. வெள்ளைச் சட்டை, பொத்தானிடாத அரைச்சட்டை. பளபளக்கும் மேசைமீது செதுக்குக் கருவிகள். ஒரு கை மோவாயைத் தாங்க, மறு கையில் இன்னும் சித்திர வேலை தொடங்காத தேநீர்க் கெண்டி. அதன் வெள்ளியில் அவர் விரல்கள் பிரதிபலிக்கின்றன. கைத்தொழிலுக்கு இவ்வளவு மரியாதை செய்த ஓவியம் அக்காலக் காலனிகளில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கடிதம் எழுதிய காப்லியைவிடத் தூரிகை பிடித்த காப்லியை நான் நம்புகிறேன்.

அவர் கப்பலேறியதற்கு லட்சியம் மட்டுமே காரணமன்று. 1769-இல் மணந்த சூசன்னா, ரிச்சர்ட் கிளார்க் என்ற வணிகரின் மகள். 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையைப் பாஸ்டனில் பெற்று விற்க அமர்த்தப்பட்டவர்களுள் கிளார்க்கும் ஒருவர். காப்லியோ கிளர்ச்சித் தலைவர் சாமுவேல் ஆடம்ஸையும் வரைந்தவர். இரு தரப்புக்கும் இடையே தூது நடந்தார், பயனில்லை. டிசம்பர் 16 இரவு தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. மறு ஆண்டு ஜூனில் அவர் புறப்பட்டார். மனைவி மக்கள் 1775-இல் பின்தொடர்ந்தனர். பிறகு அவர் ஊர் திரும்பவேயில்லை.

லண்டனில் தேய்ந்துதான் போனாரா? 'வாட்சனும் சுறாவும்' (1778) ஓவியத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல என்னால் இயலாது. 1749-இல் ஹவானா துறைமுகத்தில் சுறாவிடம் ஒரு காலை இழந்த சிறுவனின் கதை அது. வரலாற்று ஓவியத்தில் மன்னருக்கும் தளபதிக்கும் உரிய இடத்தில் படகோட்டிகள். உச்சியில், கயிற்றைப் பிடித்தபடி ஒரு கறுப்பின மனிதர். ஒவ்வொரு முகத்திலும் பாஸ்டனில் கற்ற கவனம். (சுறாவுக்கு உதடுகள் வரைந்திருக்கிறார்; பெருந்தன்மையோடு மன்னித்துவிடலாம்.) 1791-இல் முடித்த ஜிப்ரால்டர் முற்றுகை ஓவியம் அளவில் மிகப் பெரியது, அதில் எனக்கு மனிதர்கள் தென்படவில்லை. கடைசி ஆண்டுகள் கடனில் கழிந்தன. 1815-இல் லண்டனில் இறந்தார்.

ரெவியரின் படம் அவர் சந்ததியாரிடமே இருந்து, 1930-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. காப்லி தமக்கென்று மறுமுறை வரைந்து வைத்துக்கொண்ட சுறா ஓவியமும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.